சுரங்க விளக்கோட கம்பிவலைக்குள்ள தீ எப்படி அடங்கி நிக்குது?

தம்பி, நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். மன்னார்குடியில பழைய சாமான் கடையில ஒரு பித்தளை சுரங்க விளக்கு வாங்கியிருக்கீங்க, அதுல கண்ணாடிக்கு மேல கம்பிவலையில ஒரு குழாய் மாதிரி இருக்கு, வலைன்னா ஓட்டை இருக்கும், ஓட்டை வழியா வெளிய இருக்கற கேஸ் உள்ள போகத்தானே செய்யும், உள்ள தீ எரியுது, அப்புறம் சுரங்கம் ஏன் வெடிக்கலன்னு கேக்குறீங்க. அதோட கடைசி வரியில, வீட்டு சாண எரிவாயு தொட்டிய சுத்தம் பண்றதுக்கும் கொல்லைக் கிணத்துல தூர் எடுக்க ஆள் இறங்கறதுக்கும் முன்னாடி இந்த விளக்க கயித்துல கட்டி இறக்கி பாக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. முதல் கேள்வி அறிவு சம்பந்தப்பட்டது, ரெண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது, அதனால ரெண்டாவதுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன்: வேண்டாம். ஏன் வேண்டாங்கறது விளக்கு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாதான் முழுசா புரியும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

நான் மேற்கு வங்காளத்துல அசன்சோல் பக்கம் ராணிகஞ்ச் நிலக்கரி பகுதியில நிலத்தடி சுரங்கத்துல வென்டிலேஷன், அதாவது காத்தோட்டம் பாக்கற பிரிவுல வேலை பாத்தவன், இப்ப ரிட்டயர் ஆகி வலங்கைமான் பக்கம் சொந்த ஊர்ல இருக்கேன். இந்த விளக்க தூக்கிக்கிட்டு கேஸ் டெஸ்ட் பண்றது எங்களுக்கு அன்றாட வேலை. தீயோட கெமிஸ்ட்ரியில ஆராய்ச்சி பண்ணினவன் இல்ல, அதனால எது உறுதி, எதுல இன்னும் ரெண்டு பேச்சு இருக்குங்கறத பிரிச்சே சொல்றேன்.

முதல்ல கேஸ். நிலக்கரிக்குள்ள அடைஞ்சு கிடந்து வெளிய வர்ற கேஸுக்கு சுரங்கத்துல ஃபயர்டேம்ப்னு பேரு, அதுல பெரும்பங்கு மீத்தேன். மீத்தேன்னு சொன்னா நம்ம டெல்டாவுல யாருக்கும் அறிமுகம் தேவையில்ல, அந்த பேர சொல்லி எத்தனை வருஷம் ஊர் ஊரா போராட்டம் நடந்துச்சு, 2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டமே வந்துச்சு. தண்ணி கட்டின வயல்ல கால வச்சா சேத்துக்குள்ள இருந்து முட்டை முட்டையா கிளம்புதே, அதுலயும் இந்த மீத்தேன் இருக்கு, சாண எரிவாயுலயும் பாதிக்கு மேல இதுதான். இதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல, காத்த விட ரொம்ப லேசு, அதனால சுரங்கத்துல கூரைய ஒட்டி போய் நிக்கும். காத்துல 5 சதவீதத்துக்கு கீழ கலந்திருந்தா தீ தானா பரவாது, 15 சதவீதத்துக்கு மேல போனா ஆக்சிஜன் பத்தாது, நடுவுல எங்க இருந்தாலும் வெடிக்கும், 9.5 சதவீதம் கிட்ட வெடிச்சா அடி ரொம்ப பலமா இருக்கும். இதுல சந்தேகம் எதுவும் கிடையாது. அதுக்காக 15 தாண்டிடுச்சு இனி பயமில்லன்னு யாரும் நினைக்கக்கூடாது, அந்த கேஸ் நல்ல காத்தோட கலக்கற ஓரத்துல எங்கயாவது 15க்கு கீழ வந்தே தீரும்.

இப்ப விளக்குக்கு வர்றேன். நீங்க நினைச்சது சரிதான், கம்பிவலை கேஸ தடுக்கறதே இல்ல. கேஸ் உள்ள போகுது, போன கேஸ் உள்ளயே எரியவும் செய்யுது. வலை தடுக்கறது தீ வெளிய வர்றத மட்டும்தான். தீ ஒரு இடத்துல இருந்து அடுத்த இடத்துக்கு பரவணும்னா எரியற பகுதி தனக்கு பக்கத்துல இருக்கற எரியாத கலவைய பத்திக்கற சூட்டுக்கு கொண்டு வரணும், மீத்தேனுக்கு அது 540ல இருந்து 600 டிகிரி வாக்குல, அளக்கற முறைய பொறுத்து கூட குறைய வரும். ஜுவாலைக்குள்ள சூடு 1900 டிகிரி வரைக்கும் போகலாம், அதனால திறந்த வெளியில பரவறதுக்கு அதுக்கு சிரமமே இல்ல. ஆனா அந்த ஜுவாலை சின்ன ஓட்டை வழியா நுழையணும்னா சுத்தியும் உலோகம் நிக்குது. காபிய டபராவுல மெல்லிசா ஒழுக விட்டு ஆத்தினா சீக்கிரம் ஆறுதில்லையா, அது மாதிரி வலை ஒரு பெரிய ஜுவாலைய நூத்துக்கணக்கான மெல்லிய இழையா பிரிச்சு விட்டுடுது, ஒவ்வொரு இழையும் கம்பிய ஒட்டியே போக வேண்டியிருக்கு, எரிஞ்சு சூடு உண்டாகற வேகத்த விட சூட்ட கம்பிக்கு பறிகொடுக்கற வேகம் அதிகமாயிடுது, அந்த இடத்துலயே எரியறது நின்னு போகுது. வலைக்கு வெளிய வர்றது சூடான புகை, தீ இல்ல, அந்த புகையும் வெளிய நிக்கற கலவைய பத்த வைக்கற அளவுக்கு சூடு இல்லாம வருது.

அப்ப ஓட்டை எவ்வளவு சின்னதா இருக்கணும்? மீத்தேனும் காத்தும் நல்லா எரியற விகிதத்துல இருக்கும்போது சுமார் 2 மில்லிமீட்டருக்கு கீழ இடைவெளி குறைஞ்சா அமைதியா பரவற ஜுவாலை நுழைய முடியாது. வெடிப்போட அழுத்தம் பின்னால இருந்து தள்ளும்போதும் தாண்டக்கூடாதுன்னா இன்னும் குறுகலா வேணும், அதுக்கு ஆய்வுக்கூடத்துல அளந்து வச்சிருக்கற கணக்கு 1.14 மில்லிமீட்டர். இந்த கம்பிவலை விளக்க உருவாக்கின இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, இந்த எண்ணெல்லாம் வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே, ஒரு அங்குலத்துக்கு 28 கம்பி, சதுர அங்குலத்துக்கு 784 ஓட்டைன்னு வலைய முடிவு பண்ணிட்டாரு, கம்பி தடிமன கழிச்சா ஓட்டை அரை மில்லிமீட்டர் வாக்குல நிக்கும், அதாவது நிறைய இடம் விட்டுதான் வச்சிருக்காரு. ஆனா இதெல்லாம் மீத்தேனுக்கு போட்ட கணக்கு, ஹைட்ரஜனுக்கு அந்த 1.14 வெறும் 0.29 ஆயிடும், அதனால இந்த விளக்கு எல்லா கேஸுக்கும் பாதுகாப்புன்னு எடுத்துக்காதீங்க.

இத கண்ணால பாக்கணும்னா உங்க ஊர் ஸ்கூல் கெமிஸ்ட்ரி லேப்ல, டீச்சர பக்கத்துல வச்சுக்கிட்டு பாருங்க, வீட்டு கேஸ் அடுப்புல மட்டும் முயற்சி பண்ண வேண்டாம். பன்சன் பர்னர்ல கேஸ திறந்துட்டு, பத்த வைக்காம, ரெண்டு விரல் உயரத்துல நெருக்கமான கம்பிவலை ஒண்ண பிடிச்சு, வலைக்கு மேல மட்டும் தீக்குச்சிய காட்டினா தீ மேல மட்டும்தான் எரியும், கீழ கேஸ் ஓடிக்கிட்டு இருந்தும் பத்தாது. அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தா வலை நடுவுல மங்கலா சிவந்து, அப்புறம் நல்லா சிவந்து, ஒரு நேரத்துல ‘டப்’புனு தீ கீழ இறங்கிடும். அந்த ‘டப்’ சத்தத்த நல்லா மனசுல வச்சுக்குங்க, சுரங்க விளக்கோட பலவீனம் முழுக்க அதுலதான் இருக்கு.

நிறைய பேரு, வலை உலோகம், உலோகம் சூட்ட நல்லா கடத்தும், அதனாலதான் தீ அணையுதுன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அது பாதிதான் சரி. ஜுவாலை அணையற அந்த நொடியில முக்கியம் ஓட்டையோட அளவு, ஏன்னா சூடு கேஸுக்குள்ள இருந்து கம்பி வரைக்கும் வந்து சேர்றதுதான் மெதுவான வேலை, வந்து சேந்துட்டா அந்த மெல்லிய கேஸ் இழைக்கு முன்னாடி எந்த கம்பியும் பெரிய பாறை மாதிரிதான். இரும்பு வலை செப்பு வலை அளவுக்கு சூட்ட கடத்தாது, ஆனாலும் சுரங்கத்துல இரும்பு வலை நல்லாவே வேலை செஞ்சுது. உலோகம் நல்லா கடத்தறது எதுக்கு உதவும்னா, நிமிஷக்கணக்குல உள்ள கேஸ் எரியும்போது சூடு ஒரே இடத்துல தேங்காம வலை முழுக்க பரவி காத்துல போறதுக்கு. இதுல இன்னொரு பேச்சும் உண்டு. தீ எரியும்போது நடுவுல உண்டாகற அணுத்துண்டுகள், ரேடிக்கல்னு சொல்வாங்க, அது கம்பி மேல மோதி அழிஞ்சுடறதாலயும் தீ அணையுதுன்னு ஒரு விளக்கம். குளிர்ந்த வலையில சூட்டு இழப்புதான் பிரதானம்னு பெரும்பாலும் ஒத்துக்கிட்டாங்க, சுவர் நல்லா சூடேறின பிறகு இந்த ரேடிக்கல் கணக்கு எவ்வளவு சேருங்கறதுல பொருளுக்கு பொருள் முடிவு மாறுது. விளக்க பயன்படுத்தறவனுக்கு இதனால வித்தியாசம் ஒண்ணும் வந்துடாது, சில புத்தகத்துல ரெண்டாவது விளக்கம் மட்டும் இருந்தா குழம்பாதீங்கன்னுதான் சொல்றேன்.

இது எப்படி கண்டுபிடிச்சாங்கங்கறதையும் சுருக்கமா சொல்லிடறேன். இங்கிலாந்துல நியூகாசில் பக்கம் ஃபெல்லிங் சுரங்கத்துல 1812 மே 25 அன்னிக்கு வெடிச்சு 92 பேரு செத்தாங்க, சின்ன பசங்களும் அதுல உண்டு. அப்ப வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி, கேஸ் இருக்கற இடத்துல இரும்பு சக்கரத்த தீக்கல்லுல உரசி வர்ற பொறி வெளிச்சம், அதுவும் பாதுகாப்பு இல்ல. அந்த சாவுக்கு பிறகுதான் எல்லாரும் அசைஞ்சாங்க. கிளானிங்கற டாக்டர் துருத்தி வச்ச ஒரு விளக்கு செஞ்சாரு, டேவி 1815 நவம்பர்ல லண்டன் ராயல் சொசைட்டியில தன்னோட ஆய்வ சொன்னாரு, முதல்ல மெல்லிய குழாய் வழியா தீ போகாதுன்னு கண்டுபிடிச்சு அங்கிருந்து கம்பிவலைக்கு வந்தாரு. அதுக்கு சில வாரம் முன்னாடி, அக்டோபர் 21ல, பின்னால ரயிலுக்கு பேர் போன ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் தன் விளக்க கில்லிங்வொர்த் சுரங்கத்துக்குள்ளயே கொண்டு போய் கேஸ் முன்னாடி காட்டி சோதிச்சுட்டாரு. யாரு முதல்லங்கறதுல பெரிய சண்டை, ஸ்டீஃபன்சன் யோசனைய திருடினாருங்கற குற்றச்சாட்டு வரைக்கும் போச்சு. ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் வந்து சேந்திருக்காங்கங்கறது என் கருத்து, தேதிகளும் ரெண்டு விளக்கோட அமைப்பும் அப்படித்தான் காட்டுது. டேவி இதுக்கு காப்புரிமை வாங்கல, யாரு வேணும்னாலும் செஞ்சுக்கலாம்னு விட்டாரு, அதுக்காக அவரு மேல எனக்கு என்னைக்கும் மரியாதை உண்டு.

ஆனா விளக்கு வந்ததும் சாவு நின்னுடல. 1835ல பிரிட்டிஷ் நாடாளுமன்ற குழு விசாரிச்சப்ப, வடக்கு சுரங்கப் பகுதியில விளக்கு வந்த பின்னாடி 18 வருஷத்துல செத்தவங்க, வர்றதுக்கு முந்தின 18 வருஷத்துல செத்தவங்கள விட அதிகம்னு தெரிய வந்துச்சு. விளக்கு இருக்குங்கற தைரியத்துல, கேஸ் அதிகம்னு மூடி வச்சிருந்த இடத்தையெல்லாம் முதலாளிங்க திறந்து வேலை வாங்கினது ஒரு காரணம், நிலக்கரி உற்பத்தியும் ஆள் எண்ணிக்கையும் கூடினது இன்னொரு காரணம், எது எவ்வளவு பங்குன்னு சரியா பிரிக்க முடியாது. விளக்குலயும் நிஜமான குறை இருந்துச்சு. சாதா டேவி விளக்குல விநாடிக்கு சுமார் 2 மீட்டர் வேகத்துல காத்தடிச்சாலே உள்ள எரியற தீய வலைக்கு எதிரா சாய்ச்சு ஒரே இடத்துல சூடேத்தி தாண்ட வச்சுடும், அந்த ‘டப்’ தான். வலை சிவந்தா மட்டும் உடனே வெடிக்கும்னு இல்ல, மீத்தேன் பத்திக்க கொஞ்சம் நேரம் எடுக்கற கேஸ், சிவக்க காஞ்ச இரும்பு அத பத்த வைக்கலன்னு டேவியே எழுதியிருக்காரு, ஆனா சிவந்த வலை தீய அணைக்கற வேலைய செய்யாது, அதுதான் ஆபத்து. அப்புறம் வெளிச்சம் ரொம்ப மங்கல், தொழிலாளி பாவம் கண்ணு தெரியாம மூடிய கழட்டிடுவாரு. இதுக்கெல்லாம் பிறகுதான் கீழ கண்ணாடி, மேல ரெண்டு அடுக்கு வலை, வலைய சுத்தி காத்து மறைப்பு தகடு, காந்தம் வச்சாதான் திறக்கற பூட்டுன்னு வந்துச்சு, உங்க கையில இருக்கறது நீங்க சொன்ன அடையாளத்துக்கு அந்த பின்னால வந்த வகைதான்.

எங்க சுரங்கத்துல லேம்ப் ரூம்னு தனியா ஒண்ணு இருக்கும். ஷிப்டுக்கு முன்னாடி அங்க இருக்கறவரு வலைய கழட்டி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கி மெதுவா சுத்தி பாப்பாரு, அத்தனை ஓட்டையில ஒரே ஒரு இடத்துல கம்பி நகந்து ரெண்டு ஓட்டை ஒண்ணாயிருந்தா அந்த வலைய தனியா எடுத்து வச்சுடுவாரு, கரித்தூள் எண்ணெயோட படிஞ்சு அடைச்சிருந்தாலும் வெளிய விட மாட்டாரு. வாஷர் சரியா உக்காந்திருக்கா, கண்ணாடியில கீறல் இருக்கான்னு பாத்து, பூட்டி, சுத்தியும் காத்து ஊதி தீ அசையுதான்னு பாத்துட்டுதான் கையில கொடுப்பாரு. ஒரு கம்பி நகந்தா மத்த எல்லா ஓட்டையோட வேலையும் வீண், அதனால அந்த மனுஷனோட பார்வை எங்க எல்லாரோட உயிருக்கும் காவல். 1958 பிப்ரவரியில எங்க பகுதியில சினாக்குரி சுரங்கத்துல வெடிச்சு 170 பேருக்கு மேல செத்தாங்க, அங்க வேலை பாக்கறவங்க மனசுல அது எப்பவும் இருக்கும்.

வெளிச்சத்துக்கு தலையில மாட்டற எலக்ட்ரிக் கேப் லேம்ப் வந்த பிறகும் இந்த விளக்கு ரொம்ப நாள் இருந்துச்சு, எதுக்குன்னா கேஸ் பாக்க. திரிய இறக்கி மஞ்சள் நிறம் போற அளவுக்கு தீய சின்னதாக்கி, மெதுவா கூரை பக்கம் தூக்குவோம், மீத்தேன் இருந்தா அந்த சின்ன தீ மேல வெளிறின நீலத்துல ஒரு தொப்பி நிக்கும். 1.25 சதவீதத்துல பழகின கண்ணுக்கு மட்டும் லேசா தெரியும், 2க்கு மேல போகப்போக தெளிவாகும், 3 கிட்ட நல்ல முக்கோணமா நிக்கும், 5 ஆச்சுன்னா வலைக்குள்ள முழுக்க நீலத்தீ நிறைஞ்சிடும். அந்த நேரத்துல பதறி வெடுக்குனு இழுத்தா காத்து வேகத்துல தீ வலைய தாண்டலாம், அதனால கை நடுங்கினாலும் மெதுவாத்தான் கீழ இறக்கணும், வாயால ஊதவே கூடாது. இதுக்குன்னு பரீட்சை வச்சு சர்ட்டிபிகேட் கொடுக்கறாங்க. நம்ம நாட்டு விதிப்படி சுரங்கத்துக்குள்ள எந்த இடத்துலயும் 1.25 சதவீதத்த தாண்டக்கூடாது, சுரங்கத்த சுத்திட்டு திரும்பி வெளிய வர்ற காத்துல 0.75 தாண்டக்கூடாது. பாருங்க, 0.75ஐ இந்த விளக்கு காட்டவே காட்டாது, அதனாலதான் மீத்தேன் அளவ எண்ணாவே காட்டற மீத்தனோமீட்டர் வந்து இது ஒதுங்கிச்சு. இன்னொரு பயன், ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு குறைஞ்சா விளக்கு அணைஞ்சுடும், நல்ல காத்துல அது 21 இருக்கும்.

இப்ப உங்க கிணத்துக்கு வர்றேன். நம்ம பக்கம் தூர் எடுக்கறதுக்கு முன்னாடி அரிக்கேன் விளக்க கயித்துல இறக்கி பாக்கற வழக்கம் உண்டு, பெரியவங்க அனுபவத்துல கண்டுபிடிச்சது, அதுல ஒரு பாதி உண்மை. விளக்கு அணைஞ்சா உள்ள ஆக்சிஜன் குறைவு, நிச்சயமா இறங்கக்கூடாது. ஆனா விளக்கு எரிஞ்சா இறங்கலாம்னு அர்த்தம் கிடையவே கிடையாது. சாக்கடை, செப்டிக் டேங்க், சாணத் தொட்டியில வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆள கொல்ற அளவு இருந்தாலும் விளக்கு ஒண்ணும் காட்டாம எரியும், அழுகின முட்டை நாத்தம் காட்டிக் கொடுக்கும்னு நம்பவும் முடியாது, அளவு கூடினா மூக்கு மரத்து போயிடும். கிணத்துக்குள்ள டீசல் எஞ்சின் ஓடியிருந்தா கார்பன் மோனாக்சைடு நிக்கும், அதையும் விளக்கு காட்டாது, அதுக்குத்தான் இங்கிலாந்து சுரங்கத்துல 1986 வரைக்கும், மனுஷனுக்கு முன்னாடியே மயங்கி விழற கேனரிங்கற சின்ன பறவைய வச்சிருந்தாங்க. சாண எரிவாயு தொட்டிய திறந்து கலக்கும்போது மீத்தேன் காத்தோட கலந்து சரியா அந்த 5க்கும் 15க்கும் நடுவுல வந்து நிக்கும், அங்க வலையே இல்லாத அரிக்கேன கொண்டு போறது தீக்குச்சிய கொண்டு போறதுக்கு சமம், உங்க பழைய விளக்கோ யாரும் சோதிக்காத வலையோட இருக்கு.

அதனால செய்ய வேண்டியது, தொட்டிய திறந்து நல்லா காத்தாட விடுங்க, பக்கத்துல பீடி, அடுப்பு, சுவிட்ச் எதுவும் வேண்டாம், ஆள் இறங்காம மேல இருந்தே மோட்டார் வச்சு உறிஞ்சி எடுங்க. கிணத்துல இறங்கியே ஆகணும்னா ப்ளோயர் வச்சு அடி வரைக்கும் காத்த தள்ளிக்கிட்டே, ஆக்சிஜன், எரியற கேஸ், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு நாலையும் அளக்கற மீட்டர கயித்துல இறக்கி பாத்துட்டு, இறங்கறவருக்கு இடுப்பு பெல்ட்டும் கயிறும் போட்டு, மேல இழுக்க ஆள் நிக்கணும். உள்ள ஒருத்தரு மயங்கி விழுந்தா காப்பாத்தறேன்னு அடுத்தவரு குதிக்கவே கூடாது, ரெண்டு மூணு உயிர் சேந்து போறது அப்படித்தான், 101, 108க்கு கூப்பிடுங்க. செப்டிக் டேங்குக்குள்ள பாதுகாப்பு இல்லாம ஆள இறக்கறது 2013 சட்டப்படி குற்றமும் கூட, எவ்வளவு கூலி கொடுத்தாலும் செய்யாதீங்க.

டேவியோட யோசனை உங்க வீட்லயும் உபயோகப்படும், ஆனா விளக்கா இல்ல. சாண எரிவாயு குழாய்ல அடுப்புக்கு முன்னாடி ஒரு சின்ன டப்பாக்குள்ள நெருக்கமான கம்பிவலை வச்சிருப்பாங்க, அடுப்புல இருந்து தீ குழாய் வழியா தொட்டிக்கு பின்னோக்கி ஓடாம இருக்க. பழைய தொட்டிகள்ல அது துருப்பிடிச்சு ஓட்டை பெருசாயிருக்கும், இல்லன்னா மாத்தும்போது யாரோ எடுத்து போட்டிருப்பாங்க. உங்களுது எப்ப போட்ட தொட்டின்னு தெரியல, பிளம்பர கூப்பிட்டு அது இருக்கா, வலை முழுசா இருக்கான்னு இந்த வாரமே பாத்துடுங்க.

விளக்க அலங்காரத்துக்கு வச்சுக்கலாம், அருமையான பொருள்தான். பித்தளைய தேய்ச்சு பளபளப்பாக்குங்க, ஆனா உள்ள கண்ணாடிக்கு மேலயும் கீழயும் சாம்பல் நிறத்துல நார் நாரா வளையம் இருந்தா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், பழைய விளக்குகள்ல அப்படித்தான் போட்டாங்க, அத சுரண்டவோ பிரஷ் போட்டு தேய்க்கவோ வேண்டாம், லேசா ஈரத்துணியால ஒத்தி எடுத்துட்டு அந்த துணிய பையில கட்டி போட்டுடுங்க.